வீட்டுக் கணினியில் மிடி: இணைத்தலும் ஒலிக்கச் செய்தலும்

மின்னிசைக் கருவிகளும் கணினிகளும் தமக்குள் இசைச் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்காக வகுக்கப்பட்ட பொது நெறிமுறை மிடி எனப்படுகிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற ‘நாம்’ (NAMM) இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 சிந்தசைசரும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 சிந்தசைசரும் கேபிளால் பிணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றொன்றிலும் ஒலிக்கக் காட்டப்பட்டது. போட்டியாளர்களான இரு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேச முடியும் என்பது அன்றைக்குப் புதிய செய்தி. இம்முயற்சியை முன்னின்று நடத்திய டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி ஆகிய இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடியின் வழியே ஒலி செல்வதில்லை என்பதைக் கணினியில் இதனை அமைக்க முற்படுவோர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, எந்த வாத்தியத்தின் ஒலி வேண்டும் என்பன போன்ற ஆணைகள் மட்டுமே செல்கின்றன. அவற்றை ஒலியாக்கும் பொறுப்பு மறுமுனையில் இருக்கும் கருவியையோ மென்பொருளையோ சேர்ந்தது. நான்கு நிமிடப் பாடலொன்றைக் குறுந்தட்டின் தரத்தில் பதிவு செய்தால் ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் பிடிக்கிறது. அதே பாடலின் மிடிக் கோப்பு பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே மிடிக் கோப்பு ஒரு கணினியில் இனிமையாகவும் வேறொன்றில் மலிவான பொம்மையின் ஒலியைப் போலவும் கேட்பதற்கும் காரணம், ஒலியாக்கும் பொறுப்பு மறுமுனையில் இருப்பதே.

ஆகவே, மிடி அமைப்பு என்பது செய்தியை அனுப்பும் பொருள், அச்செய்தி செல்லும் வழி, அதனை ஒலியாக்கும் சிந்தசைசர், ஒலியைச் செவிக்குக் கொண்டுசேர்க்கும் ஆடியோ வெளியீடு என்னும் நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாகும். விலையுயர்ந்த ஆடியோ அட்டை வாங்கிய பின்னும் கீபோர்டிலிருந்து ஒலி வராமல் திகைப்போர், பெரும்பாலும் இந்த நான்கையும் ஒன்றெனக் கருதியவர்களாகவே இருக்கின்றனர். இவ்வியலில் லினக்ஸ் இயங்குதளம் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு அது இலவசம் என்பது மட்டும் காரணமன்று. ஒவ்வொரு கண்ணியும் அங்கே தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதால், கற்பவருக்கு அது ஏற்ற களமாக அமைகிறது.

செய்தியின் அமைப்பு

ஒரு கட்டை அழுத்தப்படும்போது மூன்று பைட்டுகள் அனுப்பப்படுகின்றன. முதலாவது, ‘சுரம் தொடங்குக’ என்னும் ஆணையையும் அது 16 சேனல்களுள் எதற்கு உரியது என்பதையும் சொல்கிறது. இரண்டாவது 0 முதல் 127 வரையுள்ள சுர எண்ணையும், மூன்றாவது அழுத்திய விசையின் அளவையும் தருகின்றன. சேனல் என்பது ஒரே கேபிளில் செல்லும் செய்திகளுக்கு இடப்படும் முகவரி எண். பியானோ 1ஆம் சேனலிலும் வயலின் 2ஆம் சேனலிலும் வாசிக்கப்படுமாறு அமைக்க அது உதவுகிறது. பியானோவின் நடு ‘சி’ கட்டைக்கு, அதாவது நம் வழக்கில் ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜத்திற்கு, 60 என்னும் எண் உரியது. அதே கட்டையைச் சில நிறுவனங்களின் கையேடுகள் மூன்றாம் ஸ்தாயி என்றும் வேறு சில நான்காம் ஸ்தாயி என்றும் குறிப்பதால், பெயரை விட்டு எண்ணை நம்புவதே நலம். விசை அளவு 0 ஆக வரும் ‘சுரம் தொடங்குக’ ஆணை, சுரத்தை நிறுத்தும் ஆணையாகவே கொள்ளப்படுகிறது.

எந்த எண் எந்த வாத்தியத்தைக் குறிக்கும் என்பது தொடக்கத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்னும் வரையறை 128 ஒலிகளுக்கு நிலையான எண்களை வகுத்து, 10ஆம் சேனலைத் தாள வாத்தியங்களுக்கென ஒதுக்கியது. அப்பட்டியலில் சித்தார் 105ஆம் இடத்திலும் ஷெனாய் 112ஆம் இடத்திலும் உள்ளன. வீணைக்கோ நாகஸ்வரத்துக்கோ மிருதங்கத்துக்கோ அதில் இடமில்லை. பட்டியல் 1-இல் தொடங்கினாலும் கம்பியில் செல்லும் எண் 0-இல் தொடங்குவதால், சில மென்பொருள்களில் சித்தார் வேண்டுமானால் 104 என்று இட வேண்டியிருக்கும். வேண்டிய வாத்தியத்துக்குப் பதிலாக அதற்கு அடுத்த வாத்தியம் ஒலித்தால், இந்த ஒன்றின் வேறுபாடே காரணம் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

கருவியைக் கணினியோடு பிணைத்தல்

அண்மைக்காலக் கீபோர்டுகளில் பெரும்பாலானவை யுஎஸ்பி துளையுடன் வருகின்றன. அச்சுப்பொறியை இணைக்கும் சதுரத் தலைக் கேபிளே பெரும்பாலும் இதற்கும் போதும். யுஎஸ்பி மிடிக்கென 1999-இல் வகுக்கப்பட்ட பொது வகையைப் பின்பற்றும் கருவியாயின், தனி டிரைவர் மென்பொருள் எதுவும் நிறுவாமலே லினக்ஸ் அதனை அடையாளம் கண்டுகொள்கிறது.

பழைய கருவிகளில் ஐந்து முள் கொண்ட வட்டத் துளைகள் இருக்கும். இவற்றின் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். மூன்று பைட்டுச் செய்தியொன்று கடந்து செல்ல ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகிறது. மிடியின் இன் துளைக்குள் ஒளிப்பிணைப்பி என்னும் உறுப்பு இருப்பதால், இரு கருவிகளுக்கிடையே நேரடி மின் தொடர்பு இல்லாமலே செய்தி கடக்கிறது. இத்தகைய கருவியைக் கணினியோடு இணைக்க யுஎஸ்பி மிடி இடைமுகக் கேபிள் தேவை. கருவியின் அவுட் துளையில் கேபிளின் இன் தலையும், கருவியின் இன் துளையில் கேபிளின் அவுட் தலையும் செருகப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் சில மலிவான கேபிள்களில், ‘கருவியின் இன் துளையில் செருகுக’ என்னும் பொருளில் இன் என்று அச்சிட்டிருப்பர். எனவே, செய்தி வராதபோது இரு தலைகளையும் மாற்றிச் செருகிப் பார்ப்பதில் கேடு எதுவும் இல்லை.

கருவி ஏதும் கையில் இல்லாதவர் வி.எம்.பி.கே. என்னும் இலவச மென்பொருளை நிறுவினால், திரையில் தோன்றும் கட்டைகளைச் சுட்டியாலோ கணினியின் விசைப்பலகையாலோ அழுத்தி மிடிச் செய்திகளை அனுப்பலாம். கருவி உள்ளவர்களும் இதனை நிறுவி வைத்துக்கொள்வது நல்லது. பழுதைத் தேடும்போது இதன் அருமை விளங்கும்.

வழியமைத்தல்

லினக்ஸின் ஒலித் தொகுதியான அல்சாவுக்குள், மிடிச் செய்திகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் சீக்வென்சர் என்னும் பகுதி உள்ளது. இதனோடு தொடர்புகொள்ளும் ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருளுக்கும் கிளையன்ட் என்று பெயர். ஒவ்வொரு கிளையன்டுக்கும் செய்தி உட்புகவோ வெளியேறவோ ஒன்று அல்லது பல போர்ட்டுகள், அதாவது வாயில்கள், உண்டு. கிளையன்டின் எண்ணும் போர்ட்டின் எண்ணும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்படுகின்றன. 20:0 என்பது 20ஆம் கிளையன்டின் முதல் போர்ட்டைக் குறிக்கும். பயனர் திறக்கும் மென்பொருள்கள் பொதுவாக 128 முதல் எண் பெறுகின்றன. கருவிகளின் எண்கள் அவற்றுக்குக் கீழே அமைகின்றன. கீபோர்டு 20:0 ஆகவும் சிந்தசைசர் மென்பொருள் 128:0 ஆகவும் இருப்பின், முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரு கோடு இழுப்பதே வழியமைத்தல் எனப்படும் வேலை முழுவதும். ஒரு போர்ட்டிலிருந்து பல போர்ட்டுகளுக்கும், பல போர்ட்டுகளிலிருந்து ஒன்றுக்கும் கோடுகள் இழுக்கலாம் என்பதால், ஒரே கீபோர்டு இரண்டு சிந்தசைசர்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதும், அதே வேளையில் பதிவு மென்பொருள் அந்த வாசிப்பைக் குறித்துக்கொள்வதும் எளிதில் இயல்கின்றன.

இக்கோட்டை இழுக்க இரு முறைகள் உண்டு. கட்டளை வரியில் ஏகனெக்ட் என்னும் சிறு நிரல் போர்ட்டுகளின் பட்டியலைத் தருவதோடு அவற்றை இணைக்கவும் பிரிக்கவும் செய்கிறது. வரைபடமாகப் பார்க்க விரும்புவோர் க்யூஜாக்கண்ட்ரோலையோ, பைப்வயர் என்னும் புதிய ஒலித் தொகுதி இயங்கும் கணினிகளில் க்யூபிடபிள்யூகிராஃபையோ பயன்படுத்தலாம். இரண்டும் போர்ச்சுகலைச் சேர்ந்த ரூய் நூனோ கபேலா என்னும் நிரலாளரின் ஆக்கங்கள். ஃபெடோரா 34-இலும் உபுண்டு 22.10-இலும் தொடங்கி அவ்விரு லினக்ஸ் தொகுப்புகளும் பைப்வயரையே இயல்பான ஒலித் தொகுதியாகக் கொண்டிருப்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டாவது மென்பொருளே போதுமானது. அதன் திரையில் ஒவ்வொரு கிளையன்டும் ஒரு பெட்டியாகத் தோன்றுகிறது; ஒரு பெட்டியின் வலப்புறப் போர்ட்டிலிருந்து மற்றொன்றின் இடப்புறப் போர்ட்டுக்குச் சுட்டியால் இழுத்துவிட்டால் இணைப்பு நிறைவுறுகிறது. ஆடியோ போர்ட்டுகளும் மிடிப் போர்ட்டுகளும் வெவ்வேறு நிறங்களில் காட்டப்படுவதும், ஒன்றை மற்றொன்றோடு இணைக்க மென்பொருள் இடம் தராததும், மேலே சொன்ன கண்ணிகளின் வேறுபாட்டைச் சொற்களின்றியே விளக்கிவிடுகின்றன.

பட்டியலில் மிடி த்ரூ என்னும் ஒரு கிளையன்ட் எப்போதும் காணப்படும். உட்புகும் செய்தியை அப்படியே வெளியே விடுவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. சில மென்பொருள்கள் திறந்தவுடன் தாமாகவே இதனோடு இணைந்துகொண்டு, இணைப்பு நிறைவுற்றதான தோற்றத்தைத் தருவதால், தொடக்கக்காரர்கள் இதில் வீணாகப் பொழுதைக் கழிக்கின்றனர். இதன் மறுபக்கத்தில் ஒரு சிந்தசைசர் இணைக்கப்பட்டால் ஒழிய எவ்வொலியும் எழாது.

கிளையன்ட் எண்கள் நிலையானவை அல்ல; யுஎஸ்பி கருவிகளை வேறு வரிசையில் செருகினாலே அவை மாறக்கூடும். ஆதலால் எண்களை மனப்பாடம் செய்வதைவிடப் பெயரைக்கொண்டு இணைப்பதும், இணைப்புகளின் தொகுப்பைப் பேட்ச்பே என்னும் கோப்பாகச் சேமித்து வைப்பதும் சிறந்தவை. மேற்கூறிய இரு வரைபட மென்பொருள்களும் இவ்வசதியை அளிக்கின்றன. பேட்ச்பே இயக்கத்தில் இருக்கும்போது, உரிய கருவி செருகப்பட்டவுடன் கோடு தானாக இணைந்துவிடுகிறது.

ஒலியாக்கும் மென்பொருள்

வீட்டுப் பயனுக்கு ஃப்ளூயிட்சிந்த் என்னும் இலவச சிந்தசைசரும் அதற்கு முகப்பாக அமைந்த க்யூசிந்த் மென்பொருளும் நீண்டகாலமாக நம்பத்தக்கவையாக விளங்குகின்றன. ஃப்ளூயிட்சிந்த் தானாக ஒலியை உண்டாக்குவதில்லை. உண்மையான வாத்தியங்களின் பதிவுத் துணுக்குகளைத் தொகுத்த சவுண்ட்ஃபான்ட் என்னும் கோப்பை அதற்கு ஊட்ட வேண்டும். டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் கிடைக்கும் ஃப்ளூயிட் ஆர்3 என்னும் சவுண்ட்ஃபான்ட் ஏறத்தாழ 140 மெகாபைட் அளவினது. ஜெனரல் மிடியின் 128 ஒலிகளும் தாள வாத்தியங்களும் அதில் அடங்கியுள்ளன. அதன் பியானோ, வயலின் குழு ஆகியவை கேட்கத் தக்கவை, சித்தார் அத்தகையதன்று. மிருதங்கமோ வீணையோ வேண்டுவோர் அவற்றுக்குரிய தனிச் சவுண்ட்ஃபான்டைத் தேடி இரண்டாவதாக ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை அடுக்கி வைக்க க்யூசிந்த் இடமளிக்கிறது.

க்யூசிந்தின் அமைப்புச் சாளரத்தில் மூன்று தாவல்களைக் கவனித்தால் போதும். மிடித் தாவலில் அல்சா சீக்வென்சர் டிரைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆடியோத் தாவலில் பைப்வயரும், அது பட்டியலில் இல்லையேல் பல்ஸ்ஆடியோவும் பொருத்தமானவை. சவுண்ட்ஃபான்ட் தாவலில் கோப்பைத் திறக்க வேண்டும். கோப்பு ஏற்றப்படாமலே சிந்தசைசர் ஓடிக்கொண்டிருப்பதும், பிழையென்று எதுவும் எழுந்து நிற்காமல் அமைதி மட்டும் நிலவுவதும் உண்டு. ஃப்ளூயிட்சிந்தைத் தனியே கட்டளை வரியில் இயக்குவோர், அதன் ஒலிப்பெருக்க அளவு 0 முதல் 10 வரையுள்ள வரம்பில் 0.2 என்னும் தாழ்ந்த நிலையில் தொடங்குகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மிடிக் கோப்பை ஒலிக்கச் செய்வதற்கு, ஏபிளேமிடி என்னும் கட்டளைக்கு சிந்தசைசரின் போர்ட் எண்ணையும் கோப்பின் பெயரையும் தந்தால் போதும். கோப்பைத் திருத்தவும் புதிதாக எழுதவும் விரும்புவோர்க்கு ரோஸ்கார்டனும் க்யூடிராக்டரும் உள்ளன. இசைக் குறியீட்டின் வழியே பணியாற்றுவோர் மியூஸ்ஸ்கோரை நாடலாம்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் என்னும் சிந்தசைசர் முன்னரே அமைந்திருப்பதால் கோப்புகளைக் கேட்பதற்குத் தடையில்லை. எனினும் அதன் தாமதம் நேரடி வாசிப்புக்கு ஒவ்வாதது. மென்பொருள்களுக்கிடையே வழியமைக்க லூப்மிடி என்னும் இலவசக் கருவியை அங்கே நிறுவிக்கொள்கின்றனர். மேக் கணினிகளில் ஐஏசி டிரைவர் என்னும் உள்ளமைந்த வசதி இதே வேலையைச் செய்கிறது. ஆடியோ மிடி செட்டப் நிரலில் அதனை ஒருமுறை இயக்கி வைக்க வேண்டும்.

தாமதம்

கட்டை அழுத்தப்படுவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட காலமே தாமதம். மிடிச் செய்தி ஒரு மில்லிநொடியில் வந்துவிடுவதால், தாமதத்தின் பெரும்பகுதி ஆடியோக் கண்ணியில்தான் ஏற்படுகிறது. கணினி ஒலியை மாதிரி எனப்படும் நுண்ணளவுகளாகப் பிரித்து, அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல், பஃபர் என்னும் இடைநினைவகத்தில் ஒரு தொகுதியைத் திரட்டி அனுப்புகிறது. லினக்ஸில் ஃப்ளூயிட்சிந்தின் தொடக்க அமைப்பு 64 மாதிரிகள் கொண்ட 16 பஃபர்கள். மொத்தம் 1,024 மாதிரிகளை நொடிக்கு 44,100 என்னும் வேகத்தால் வகுத்தால் 23 மில்லிநொடி கிடைக்கிறது. பஃபர்களின் எண்ணிக்கையை 4 ஆகக் குறைத்தால் இது 6 மில்லிநொடிக்குள் வந்துவிடும். 10 மில்லிநொடித் தாமதம் என்பது வாசிப்பவருக்கு மூன்றரை மீட்டர் தள்ளி ஒலிபெருக்கியை வைத்தது போன்றதே என்பதால், அதற்கும் கீழே இறக்க வேண்டும் என்று அல்லாடுவது பெரும்பாலும் வீண் முயற்சி. அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினியால் ஈடுகொடுக்க இயலாமல் ஒலியில் ‘சட் சட்’ என்ற வெடிப்புகள் எழும். அவை தோன்றும் நிலைக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்வதே நடைமுறை. கோப்புகளைக் கேட்க மட்டும் விரும்புவோர் தாமதத்தைப் பற்றிக் கவலைகொள்ளவே வேண்டியதில்லை.

வெடிப்புகள் தொடர்ந்தால், பயனரின் கணக்கு ஆடியோ குழுவில் சேர்க்கப்பட்டு, நிகழ்நேர முன்னுரிமை அதற்கு வழங்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். குழுவில் சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். புளூடூத் ஒலிபெருக்கியிலும் ஹெட்ஃபோனிலும் நேரடி வாசிப்பு இயலாது; அவை சேர்க்கும் தாமதத்தை எந்த அமைப்பாலும் கழிக்க முடியாது.

கமகமும் சுருதியும்

கர்நாடக இசையை மிடியில் வாசிக்க முனைவோர் சுரத்தை வளைக்கும் செய்தியை நன்கு அறிந்திருக்க வேண்டும். கீபோர்டின் வளைவுச் சக்கரம் 0 முதல் 16,383 வரையுள்ள எண்களை அனுப்புகிறது. 8,192 என்பது வளையாத நடுநிலை. இந்த எண் எத்தனை சுரஸ்தானங்களைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது சிந்தசைசரே. இயல்பான வரம்பு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் மட்டுமே என்பதால், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குச் செல்லும் ஏழு அரைச்சுர ஜாருவை அதில் வாசிக்க இயலாது. வரம்பை 12 ஆக உயர்த்த, கட்டுப்பாட்டு எண் 101-க்கும் 100-க்கும் 0-வும், அதன்பின் 6-க்கு 12-உம் அனுப்பப்பட வேண்டும். இம்மூன்று செய்திகளும் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருத்தல் அவசியம். இல்லையேல் வேறொரு கணினியில் வரம்பு மீண்டும் இரண்டாகி, பஞ்சமத்தைத் தொட வேண்டிய ஜாரு சதுச்ருதி ரிஷபத்தை எட்டுமுன்பே நின்றுவிடும்.

வளைவுச் செய்தி ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைக்கிறது. ஆகையால் தம்புராவின் ஆதார சுருதியை மெட்டு செல்லும் சேனலிலேயே வைத்தால், ஒவ்வொரு கமகத்தின்போதும் சுருதியும் கூடவே அசையும். அதற்கெனத் தனிச் சேனல் ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடந்தரும் எம்பிஇ என்னும் விரிவாக்கம் 2018-இல் ஏற்கப்பட்டது என்றாலும், அதற்கேற்ற கருவிகள் விலை மிகுந்தவை.

பாடகரின் சுருதிக்கேற்ப மாற்றுவது எளிது. ஒரு கட்டையில் வாசித்துப் பழகியவர் ஐந்தரைக் கட்டைக்குப் போக வேண்டுமாயின் எட்டு அரைச்சுரம் ஏற்றவோ நான்கு இறக்கவோ செய்தால் போதும். இம்மாற்றத்தைக் கீபோர்டிலோ மென்பொருளிலோ ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும் செய்தல் வேண்டும். 10ஆம் சேனலுக்கு விலக்கு அளிக்கவும் மறக்கலாகாது. அச்சேனலில் எண்கள் சுரங்களையன்றி வாத்தியங்களைக் குறிக்கின்றன. அங்கே 60 என்பது போங்கோ, 64 என்பது காங்கா என்பதால், நான்கு அரைச்சுரம் ஏற்றினால் ஒரு தோற்கருவி மற்றொன்றாகிவிடும்.

ஒலி எழாதபோது

பழுதைத் தேடும்போது சங்கிலியின் அனுப்பும் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக வருவதே விரைவான வழி. ஏசீக்டம்ப் என்னும் நிரலில் கீபோர்டின் போர்ட்டைக் குறித்துவிட்டுக் கட்டையை அழுத்தினால், வரும் செய்திகள் வரிவரியாகத் திரையில் தோன்ற வேண்டும். எதுவும் தோன்றாவிடில் குறை கேபிளிலோ கருவியின் அமைப்பிலோ உள்ளது. கட்டை அழுத்தாமலே வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சில கருவிகள் தாம் உயிருடன் இருப்பதைத் தெரிவிக்கவும் தாளக் கடிகாரத்தை அறிவிக்கவும் ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. செய்தி வந்தும் ஒலி இல்லையெனில் க்யூசிந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு மின்னாவிட்டால் குறை இணைப்புக் கோட்டில் உள்ளது. மின்னினால் மிடியின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள், இனிப் பார்க்க வேண்டியவை சவுண்ட்ஃபான்டும் ஆடியோ வெளியீடும்தான். பழைய டெபியன் கணினிகளில் டிமிடிட்டி என்னும் வேறொரு சிந்தசைசர் பின்னணியில் ஓடி 128ஆம் எண்ணைத் தனதாக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. பட்டியலின் பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் நம்பி இணைத்தவர் அங்கே வழிதவறுவார்.

ஒவ்வொரு சுரமும் இரட்டித்துக் கேட்குமாயின், கீபோர்டு தன் சொந்த ஒலியையும் கணினியின் வழியே திரும்பி வந்த செய்தியையும் சேர்த்தே ஒலிக்கிறது. கருவியின் அமைப்பில் உள்ள லோக்கல் கண்ட்ரோல் என்பதை நிறுத்தினால் இது தீரும். வெளியேறும் போர்ட்டிலிருந்து கிளம்பிய செய்தி சுற்றிவந்து அதே பாதையில் மீண்டும் நுழையுமாறு கோடுகள் அமைந்துவிட்டால், நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான சுரங்கள் குவிந்து கணினியே திணறிவிடும். அப்போது முதலில் அந்தக் கோட்டைத் துண்டித்து, பின்னர் க்யூசிந்தின் பேனிக் பொத்தானை அழுத்த வேண்டும். வாசிப்பின் நடுவே கேபிள் கழன்று, ‘சுரம் நிறுத்துக’ ஆணை வந்துசேராமல் ஒரு சுரம் மட்டும் இழுத்துக்கொண்டே நிற்கும்போதும் அதே பொத்தானே உதவுகிறது.